புளி வைத்த மீன்

ஈப்போ ரயில் நிலையத்தில் காசிம் இறங்கியபோது அவன் துணிமூட்டையையும் குடையையும் கூலியாள் தூக்கிக்கொண்டு வந்தான். காசிம் தன் கையால் தூக்கி வந்தது ஒரே ஒரு மரப்பெட்டி. ஒரு முழ நீளம் இருக்கும். பச்சைக் குழந்தையை அணைப்பதுபோல அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கூட்டத்தில் யார் முழங்கையும் படாமல் பக்கவாட்டில் நடந்து வந்தான்.

"உள்ளுக்கு என்ன தம்பி, தங்கமா?" என்று கேட்டேன்.

"கண்ணாடி அண்ணே. உடைஞ்சா இந்தச் சீமையில கிடைக்காது."

பார்த்த மாத்திரத்தில் எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. இந்தத் தொடரில் இதுவரை வந்த வாரங்களில் என்னை ஒரு நல்ல மனிதனாகக் காட்டிக்கொள்ள என்னால் முடிந்தது. இந்த வாரம் முடியாது. காசிமைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. எரியட்டும், எழுதத்தான் போகிறேன்.

வீட்டோடு மாப்பிள்ளை

போன வாரம் என் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். கல்யாணத்தோடு எல்லாம் சுபம் என்று நினைக்கிறவர்கள் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்து பார்த்ததில்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலாயாவில், ஈப்போ ஊரில், பாசார் என்கிற சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் நைனா முகம்மது என்பவர் கருவாட்டுக் கடை வைத்திருந்தார். நான் அங்கே மூட்டை தூக்க வந்தவன். எனக்கு ஆஸ்தி என்று இருந்தது என் மூக்கு ஒன்றுதான். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே இருக்கும் மீன் எந்த நிலையில் இருக்கிறது, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று முகர்ந்தே சொல்லிவிடுவேன். அந்த மூக்கைப் பார்த்துத்தான் முதலாளி தன் ஒரே மகள் ஆமினாவை எனக்குக் கட்டி வைத்தார். முதலாளி எனக்கு மாமா ஆனார். கீழே கடை, மேலே வீடு. மாமா வீட்டுச் சோறு, மாமா வீட்டுக் கட்டில். நான் தும்மினால்கூட மாமா கீழேயிருந்து, "மாப்புள்ள, என்ன சளியா?" என்று கேட்பார்.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆளைக் கழித்த கெட்ட காலம் ஒருவாறு தீர்ந்து, லயம் என்கிற கூலி வரிசை வீடுகளில் மறுபடியும் அடுப்பு புகைய ஆரம்பித்திருந்தது. தோட்டத்து ஜனங்களுக்கு அரிசி எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் கருவாடு. மாமா பாரிட் புந்தாரில் இன்னொரு கடை போட நினைத்தார். அங்கிருந்து கடற்கரை கிட்டத்தில். தவுக்கே என்கிற சீன முதலாளிமாரிடம் உப்பு மீனை வாங்கி விற்பதைவிட, பச்சை மீனை வாங்கி நாமே பதம் பண்ணலாம் என்பது அவர் கணக்கு.

"அந்தக் கடை உனக்குத்தான் மாப்புள்ள" என்று நோன்புப் பெருநாளன்று சொன்னார்.

எனக்கு அது கடை அல்ல. எனக்கென்று ஒரு கதவு. நானே திறந்து, நானே சாத்தி, உள்ளே என் பெண்டாட்டியிடம் குரலை உயர்த்தியோ தாழ்த்தியோ எப்படி வேண்டுமானாலும் பேசக்கூடிய ஒரு வீடு. அன்றிலிருந்து நான் மனசுக்குள் பாரிட் புந்தாரில்தான் குடியிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமாவின் தங்கை மகன் காசிம், கப்பலில் பினாங்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி வந்து சேர்ந்தான்.

மச்சான் என்ற சொல்

தங்கை மகன் என்றால் ஆமினாவுக்கு முறை மாப்பிள்ளை. சின்ன வயதில் இரண்டு பேருக்கும் பேசி வைத்திருந்ததாகக் கேள்வி. அவன் ஊரிலேயே தங்கிவிட்டான், அவள் இங்கே வந்துவிட்டாள், பேச்சு அப்படியே கிடந்துவிட்டது. அது கிடந்ததால்தான் என் கல்யாணம் நடந்தது. அதை நான் மறக்கவில்லை. மற்றவர்கள் மறந்தார்களா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அவன் வந்த அன்று சமையல்கட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து ஆமினா, "வாங்க மச்சான், சொகமா?" என்று கேட்டாள்.

மச்சான். அந்தச் சொல்லை எனக்கு அவள் ஒருநாளும் சொன்னதில்லை. எங்களுக்குள் உறவு முறை இல்லையே, எப்படிச் சொல்வாள்? என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் "இந்தாங்க" என்பாள். கடையில் சாமான் வாங்க வருகிறவர்களும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மாமாவும் சும்மா இல்லை. நான் மாப்புள்ள, அவன் மருமவன். இரண்டில் எது பெரியது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

உப்புக்குள் உயிர்

காசிம் ஊரில் பார்த்த வேலையைச் சொல்ல வேண்டும். இந்தியாவின் மேற்குக் கரையில், அயிலை மீனும் மத்தி மீனும் குவியும் ஒரு கடலோர ஊரில், சர்க்கார் மீன் பதனிடும் நிலையம் ஒன்று இருந்ததாம். சுற்றி வேலி. வேலிக்குள் மீனைக் கொண்டுவந்து பதம் பண்ணுகிறவர்களுக்கு மட்டும் வரியில்லாமல் மலிவு உப்பு. அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரை மீனை அறுத்து, எடை போட்டு, உப்பை அளந்து, மழையில் எது கெடுகிறது வெயிலில் எது கெடுகிறது என்று பரிசோதனை செய்துகொண்டே இருப்பாராம். காசிம் அந்தத் துரைக்குக் கையாள். மீனைக் கெடாமல் வைப்பதற்கு ஒரு படிப்பு உண்டு என்பதையே நான் அவன் வாயால்தான் கேள்விப்பட்டேன்.

வந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டான்.

"மணல்ல காயப் போடாதீங்க அண்ணே, பாயில போடுங்க. செவுளை எடுத்துட்டு உப்புப் போடுங்க. அங்கதான் மொத கெடும்."

எல்லாம் மாமா காது கேட்கத்தான் சொல்வான். மாமா இல்லாதபோதும் சொல்லியிருக்கலாம், அதெல்லாம் என் நினைவில் இல்லை.

எங்கள் தொழிலில் அப்போது ஒரு பெரிய தொல்லை இருந்தது. மழைக்காலத்தில் கருவாட்டின் மேல் சிவப்பாகப் படரும். நல்ல மீனாக இருக்கும், நேற்றுவரை வாசனை சரியாக இருக்கும், இன்று பார்த்தால் ரத்தம் தெளித்தது மாதிரி இருக்கும். ஈரக்காற்றுதான் காரணம் என்பது என் கட்சி. சிவந்ததையெல்லாம் பொறுக்கி, பக்கத்து லகாட்டில் ஈயம் தோண்டிய குட்டைகளில் வாத்து வளர்க்கும் சீனர்களுக்குக் கொடுத்துவிடுவோம். வாத்துகள் நிறம் பார்ப்பதில்லை.

"சிவப்பு மீன்லேருந்து வரல மாமா, உப்புலேருந்து வருது" என்றான் காசிம். "உப்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர் இருக்கு."

மாமா வாய்விட்டுச் சிரித்தார். "உப்புக்குள்ள உயிரா? மருமவனே, உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்லா!"

பைத்தியக்கார ஆஸ்பத்திரி அங்கேதான் இருந்தது. மாமா சிரித்ததில் அன்று எனக்கு இரண்டு கவளம் சோறு கூடுதலாக இறங்கியது.

காசிம் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு அவனைக் கொஞ்சம் பிடித்திருக்கும். பின்கட்டில் இரண்டு கண்ணாடி ஜாடிகளை வைத்தான். ஒன்றில் மூட்டை உப்பை அப்படியே போட்ட மீன். இன்னொன்றில் அதே உப்பை இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்துப் போட்ட மீன். இரண்டையும் துணியால் கட்டினான். மழை பிடித்துக்கொண்டது. முதல் ஜாடி சிவந்தது. இரண்டாவது வெள்ளையாகவே நின்றது.

மாமா இரண்டு ஜாடிகளையும் கடை முகப்பில் தூக்கி வைத்துவிட்டார். சாமான் வாங்க வந்தவர்களிடமெல்லாம், "என் மருமவன் பரிசோதனை" என்றார். வாத்துக்காரச் சீனன்கூட குனிந்து பார்த்துவிட்டு என்னைத் தாண்டிப் போய் காசிமின் முதுகைத் தட்டினான்.

சிரிப்புச் சத்தம்

மரப்பெட்டிக்குள் இருந்தது ஒரு கண்ணாடிக் குழல். அடியில் குண்டு, மேலே மெல்லிய தண்டு, தண்டில் கோடு கோடாக அளவு. உப்புத் தண்ணீரில் விட்டால் நிமிர்ந்து மிதக்கும். உப்பு கூடக் கூட மேலே எழும்பும். எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அந்தத் தண்ணீரின் உப்புக் கணக்கு.

நான் அதுவரை விரலை முக்கி நாக்கில் வைத்துத்தான் பார்ப்பேன். ஒருநாள் மாமா வேடிக்கைக்காக இரண்டு பேரையும் மோத விட்டார். நான் நக்கிப் பார்த்து, "இன்னும் ரெண்டு கை போடணும்" என்றேன். காசிம் குழலை விட்டுப் பார்த்து, "அண்ணன் சொல்றது சரிதான்" என்றான்.

"பாத்தியா, மாப்புள்ள நாக்கும் கண்ணாடியும் ஒண்ணு!" என்றார் மாமா.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் நாக்கு செய்வதை ஒரு கண்ணாடிக் குழல் செய்யுமானால், அந்தக் குழலை வாங்கி வைத்திருக்கும் எவனும் நானாகிவிடலாமே. என் மூக்குக்கும் ஒரு குழல் கண்டுபிடித்துவிட்டால் நான் திரும்பவும் மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஆமினாவின் குரல் கேட்டது. "வாப்பா, அதை நானும் பாக்கலாமா?"

காசிம் ஒரு பாத்திரத்தில் உப்புத் தண்ணீரையும் குழலையும் வைத்து, திரைக்கு அடியில் மெதுவாகத் தள்ளினான். பாத்திரம் உள்ளே நகர்ந்தது. பிறகு அமுக்கி விட்ட குழல் தண்ணீரில் துள்ளின மாதிரி ஒரு சின்னச் சத்தம். அதற்குப் பிறகு ஆமினா சிரித்தாள்.

நிக்காஹ் ஆகி அவ்வளவு காலத்தில் நான் அவளைச் சிரிக்க வைத்ததில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு வேறு. அது வயிற்றிலிருந்து வந்தது. நான் தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செருப்பும் திரையும்

காசிம் அடுத்து ஒரு பெரிய வேலையில் இறங்கினான். மேற்குக் கரையில் அயிலையைக் காய வைக்காமலே மாதக்கணக்கில் வைக்கும் ஒரு முறை உண்டாம். குடலையும் செவுளையும் எடுத்து, கழுவி, உப்பைத் திணித்து, வயிற்றுக்குள் குடம்புளித் துண்டு ஒன்றை வைத்து, பீப்பாயில் அடுக்கி மூடிவிடுவது. மீன் விடும் தண்ணீரிலேயே மீன் ஊறும். வெயில் வேண்டாம், மழைக்குப் பயம் வேண்டாம். இங்கே கெம்போங் என்கிறோமே, அந்த மீனைப் பாசாரில் பார்த்ததும், "இது நம்ம அயிலைல்ல!" என்று குதித்தான்.

மீன் இருந்தது. உப்பு இருந்தது. பீப்பாய்களைச் சீனத் தச்சன் செய்து கொடுத்தான். ஊரிலிருந்து அவன் கொண்டுவந்த குடம்புளி மட்டும் கப்பலில் கடல் தண்ணீர் பட்டுப் பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. அதை வெளியே கொட்டியபோது அவன் முகம் போன போக்கைப் பார்த்து நான் உச்சுக்கொட்டினேன். உதடுதான் உச்சுக்கொட்டியது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். காசிம் வருவதற்கும் முன்னால், ஒரு மழைக்காலக் காலையில், மூட்டைகள் சிவக்கின்றன என்று நான் புலம்பிக்கொண்டே மாடிப்படி இறங்கிய நேரத்தில் ஆமினா பின்னாலேயே வந்து ஏதோ புளியைப் பற்றிச் சொன்னாள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒற்றைச் செருப்பு படிக்கு அடியில் போயிருந்தது. "கருவாட்டுக்கு எதுக்குப் புளி?" என்று சொல்லிவிட்டுக் கடைக்கு இறங்கிவிட்டேன்.

குடம்புளி கொட்டப்பட்ட இரண்டொரு நாளில் நான் படியேறி வந்தபோது பின்கட்டில் காசிம் நின்றிருந்தான். சமையல்கட்டுத் திரை கொஞ்சம் விலகி, வளையல் போட்ட கை ஒன்று வெளியே வந்தது. அந்தக் கையில் அசாம் கெப்பிங். இந்த ஊரில் மீன் குழம்புக்குப் போடுவோமே, சீவிக் காய வைத்த புளித் துண்டு, அது. காசிம் அதை வாங்கி, மோந்து, நுனியைக் கடித்து, கண்ணை மூடினான்.

அவனுக்கு வேண்டியதையெல்லாம் இவள் எடுத்துக் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். நான் செருப்பைத் தேடினால் எடுத்துத் தர ஆளில்லை, அவன் புளியைத் தேடினால் கை நீளுகிறது. அன்றைக்குச் சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டேன். ஆமினா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "சுடலையே" என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்கே சுடுகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூங்கில்மேட்டுத் தோட்டம்

அசாம் கெப்பிங் வைத்த பீப்பாய்கள் மூடப்பட்டன. சில வாரம் கழித்து மாமா ஒன்றைத் திறக்கச் சொன்னார். நான் முதல் ஆளாக மூக்கை நீட்டினேன், கெட்ட வாடைக்கு ஆசைப்பட்டு. வரவில்லை. புளிப்பும் உப்பும் கடலும் கலந்த ஒரு சுத்தமான வாசனை. என் மூக்கு எனக்கே துரோகம் செய்த நாள் அது.

"எப்படி மாப்புள்ள?" என்றார் மாமா.

"பரவால்ல" என்றேன்.

மாமா அன்று சாப்பிடும்போது பாரிட் புந்தார் பேச்சை எடுத்தார். "இந்த முறை நல்லா நடந்துச்சுன்னா, அங்க கடலுக்குப் பக்கத்துல மருமவனையே உக்கார வெச்சிரலாம்னு நினைக்கிறேன். நீ இங்க என்கூட இரு மாப்புள்ள. உனக்கென்ன குறை?"

என் கதவு என் கண் முன்னாலேயே சாத்தப்பட்டது. எனக்குக் குறை இல்லையாம். நான் சோற்றைப் பிசைந்தேன், பிசைந்தேன், அது கூழாகும்வரை பிசைந்தேன்.

மழை பிடித்த நேரமாகப் பார்த்து மாமா பீப்பாய்களை மூங்கில்மேட்டுத் தோட்டத்துக்கு மாட்டு வண்டியில் அனுப்பினார். காசிம் கூடப் போய்த் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியிடம் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு வந்தான். இது ஈரமாகத்தான் இருக்கும், காயப் போடக் கூடாது, ஒரு தடவை அலசிவிட்டு அப்படியே குழம்பில் போட வேண்டும், புளி சேர்க்க வேண்டாம். கிராணியும் நல்லவர். மறுநாள் காலைப் பெரட்டில், பேர் கூப்பிடும்போது, பெரிய கங்காணியை நிற்க வைத்து அத்தனையையும் சொல்லச் செய்தார். கங்காணி ஆண்கள் வரிசையின் முன்னால் நின்று உரக்கச் சொன்னார். ஆண்கள் தலையாட்டிவிட்டு ரப்பர் காட்டுக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் மீனை வாங்கியது பெண்கள்.

இரண்டு நாள் கழித்துத் தோட்டத்திலிருந்து ஆள் வந்தான். மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. என்னையும் காசிமையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவரே கிளம்பினார். தோட்டத்துப் பாலத்தைத் தாண்டும்போதே நாற்றம் வந்து மோதியது. ஒரு நாற்றம் வந்து என்னை அவ்வளவு குளிர்வித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

லயங்களின் தகரக் கூரை முழுக்க மீன். காக்கை ஒரு பக்கம், ஈ ஒரு பக்கம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் வாரிக் குழியில் போடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

அஞ்சலை என்ற ரப்பர் பால்வெட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு மாமாவை மடக்கினாள். "ஏன் பாய், ஈரக் கருவாட்ட அனுப்பி வெச்சிருக்கீங்க? காய வைக்கக்கூட நேரமில்லையா ஒங்களுக்கு? நாங்கதான் நாலு தண்ணி ஊத்திக் கழுவி, உள்ளுக்கு இருந்த குப்பையெல்லாம் எடுத்துப் போட்டுட்டு, தகரத்துல காயப் போட்டோம். ராத்திரி மழை புடிச்சிக்கிச்சு."

உள்ளே இருந்த குப்பை என்று அவள் சொன்னது புளித் துண்டு.

"காயப் போடக் கூடாதுன்னு பெரட்டுல சொன்னாங்களே, தெரியாதா?" என்றார் மாமா.

"எங்ககிட்ட யாரு சொன்னா?" என்றாள் அஞ்சலை. பக்கத்தில் நின்ற அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் காக்கையை விரட்டப் போய்விட்டான்.

காசிம் யாரையும் குறை சொல்லவில்லை. கூரையின் ஓரத்திலிருந்து ஒரு மீனை எடுத்து, பிரித்துப் பார்த்து, "அக்கா சொல்றதுதான் சரி. நான் இவங்ககிட்டல்ல சொல்லியிருக்கணும்" என்றான். அப்படி நின்ற நிலையிலும் அவனுக்கு ஒரு அழகு இருந்தது. அதையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சாவி

மாமா வியாபாரி. ஒரு தோட்டம் முகம் சுளித்தால் அடுத்த தோட்டத்துக்கும் அது தெரிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டு, வாடகைக்குப் பிடித்து வைத்திருந்த பாரிட் புந்தார் கடைச் சாவியை என் முன்னால் வைத்தார்.

"பழைய மாதிரியே காய வெச்சு விப்போம்லா. நீயே போ மாப்புள்ள."

ஜெயித்துவிட்டேன். சாவி கையில் கனமாக இருந்தது. உள்ளே சமையல்கட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு நின்றது. நான் எதிர்பார்த்த மாதிரி யாரும் ஓடி வந்து சந்தோஷப்படவில்லை.

மீதிப் பீப்பாய்களைக் கொட்டச் சொன்னார் மாமா. காசிமுக்கு ஊருக்குத் திரும்பக் கப்பல் சீட்டு எடுத்துக் கொடுத்தார். நான்தான் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் அவன் என்னிடம் பாரிட் புந்தாரில் உப்பை எங்கே வாங்கலாம், எப்படி வறுக்கலாம் என்றே பேசிக்கொண்டு வந்தான். பொறாமைப்படத் தெரியாத மனிதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ரொம்பச் சிரமம்.

ரயில் வந்ததும் மரப்பெட்டியை என் கையில் வைத்தான்.

"இதை ஆமினாகிட்டக் குடுத்துருங்க அண்ணே."

"எனக்கில்லையா?" என்றேன், சிரிக்கிற மாதிரி.

"உங்களுக்கு எதுக்கு? உங்களுக்குத்தான் நாக்கு இருக்கே."

திரும்பி வரும்போது அந்தப் பெட்டியை நான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யார் முழங்கையும் படாமல் பக்கவாட்டில் நடந்தேன். உடைந்தால் நான்தான் வேண்டுமென்றே உடைத்தேன் என்று அவள் நினைப்பாள். எனக்கு அந்தப் பயம்.

பாரிட் புந்தாரில் ஒரு மதியம்

பாரிட் புந்தாரில் கடைக்குப் பின்னாலேயே வீடு. சுற்றிலும் வயல். கதவு என்னுடையது. முதல் வாரம் காரணமே இல்லாமல் அதைத் திறந்து சாத்திக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷத்து அடைமழை வந்தது. கடலுக்குப் படகு போகவில்லை. பாயில் கிடந்த மீன் காயவில்லை. ஒருநாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் கெம்போங் குழம்பு. மீன் தெளிவாக, முழுசாக, தோல் உரியாமல் இருந்தது. ஒரு வாய் வைத்தேன். உப்பும் புளிப்பும் சதைக்குள்ளேயே இருந்தன. அப்படி ஒரு குழம்பை நான் சாப்பிட்டதே இல்லை.

"மீன் ஏது?" என்றேன். என் வீட்டில் என் கதவுக்குள் இப்போது திரை கிடையாது. ஆமினா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"வாப்பா கொட்டச் சொன்னதுல ஒரு ஜாடி எடுத்து வெச்சேன். ஈப்போலேருந்து சாமானோட சாமானா வந்துச்சு."

பிசைந்த கவளத்தைத் தட்டில் திரும்ப வைத்தேன். "ஓ. உங்க மச்சான் மீனா."

"பீப்பாய் அவரோடது. புளி என்னோடது."

"என்னது?"

"அசாம் கெப்பிங் போடலாம்னு நான்தான் சொன்னேன். அது போட்ட கொழம்பு ரெண்டு நாளானாலும் கெட மாட்டேங்குதே, அப்ப பச்ச மீனுக்குள்ள வெச்சா தாங்கும்லன்னு ரொம்ப நாளா எனக்கு ஒரு நினைப்பு. மச்சான்கூட வாப்பாகிட்டச் சொன்னாரே, இது ஆமினா யோசனைன்னு. நீங்களும் அங்கதானே இருந்தீங்க? அவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தீங்க, காதுல விழுந்திருக்காது."

நான் தட்டைப் பார்த்தேன். அத்தனை நாள் நான் வயிறெரிந்த அந்தச் சாமர்த்தியம் என் கட்டிலில் என் பக்கத்தில்தான் படுத்திருந்திருக்கிறது. இதற்காகப் பெருமைப்பட்டு முடித்திருக்கலாம். நான் அப்படிப்பட்டவன் இல்லை.

"ஏன், அதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"உங்ககிட்டத்தான் மொதல்ல சொன்னேன். நீங்க செருப்பத் தேடிக்கிட்டு இருந்தீங்க."

வெளியே மழை தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் எனக்கு இன்னொரு மீனை எடுத்து வைத்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். நான்தான் கேட்டேன்.

"அவன்கிட்டச் சொன்னப்ப அவன் என்ன சொன்னான்?"

ஆமினா யோசிக்கவே இல்லை. "'எங்கே, காட்டு'ன்னாரு."

எங்கள் கடை பின்னால் புளி மீனுக்குப் பேர் வாங்கியது, தோட்டங்களுக்கு ஆமினாவே வண்டியில் போய்ப் பெண்களிடம் சொல்லிக் கொடுத்தது, அஞ்சலையே எங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது, அதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. கண்ணாடிக் குழல் இன்றைக்கும் அவள் பெட்டியில் இருக்கிறது. அதன் மேல் இருந்த எரிச்சல் எனக்கு எப்போதோ ஆறிவிட்டது.

ஆறாதது அந்த இரண்டு சொல். அன்றிலிருந்து அவள் எதைச் சொன்னாலும் நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, "எங்கே, காட்டு" என்பேன். இத்தனை வருஷமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். யாரை நினைத்துச் சிரிக்கிறாள் என்று இதுவரை நான் கேட்டதில்லை.